சங்கத்துப் பிரிண்டரும் பூட்டுள்ள கோப்புறையும்

வெளிமாநிலத்தில் குடியமர்ந்த தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றிலும் நகைப் பெட்டியினும் பெரிதாகப் போற்ற வேண்டிய பொருள் ஒன்று உண்டு. பீரோவின் மேல்தட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கும் தாள்கட்டே அது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஊர்த் தாசில்தார் அலுவலகத்தில் பெற்ற சாதிச் சான்றிதழ், வீட்டுப் பெரியவரின் ஓய்வூதிய ஆணை, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம் ஆகிய யாவும் அதில் அடங்கும். ஊரிலேயே இருப்பவருக்கு அவற்றுள் ஒன்று காணாமற்போனால், காலையில் பஸ் ஏறிப் போய் விசாரித்து மாலையில் வீடு திரும்பலாம். நமக்கோ அது இரண்டு இரவு இரயில் பயணமும் எளிதிற் கிடைக்காத விடுப்பும் ஆகும். பட்டியல் வகுப்புக் குடும்பங்களின் நிலை இன்னும் நுட்பமானது. வேறு மாநிலத்தில் குடியேறியவர் தம் பிள்ளைக்குச் சான்றிதழ் கோரும்போது, தகப்பனாருக்குச் சொந்த மாநிலத்து அதிகாரி வழங்கிய சான்றிதழையே ஆதாரமாகக் காட்ட வேண்டியிருக்கின்றது. அந்த ஒரே தாளின் மீது ஒரு பிள்ளையின் கல்லூரி இடமும் உதவித்தொகையும் நிற்கின்றன.

இத்தகைய தாள்களைச் சங்க அலுவலகத்திற்குக் கொண்டுவந்து ஸ்கேன் செய்து தரும்படி கேட்போர் தொகை ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகின்றது. கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் ஞாயிறு காலை வரிசை வாசற்படி வரை நீளும். சென்ற மாதம் ஒரு தாயார் தம் மகளின் சான்றிதழை இயந்திரத்தின் கண்ணாடி மேல் வைத்தபோது, "தம்பி, இது உள்ளே போன பிறகு எங்கே போய் உட்காருகிறது? யார் யார் பார்ப்பார்கள்?" என்று வினவினார். இயந்திரம் வாங்கும் குழுவில் ஒருவரும் கேட்டிராத கேள்வி அது. அதற்கு விரிவான விடை தருவது இப்பகுதியின் கடமை என்று எண்ணுகின்றோம். வேறு ஊர்களிலுள்ள சங்கங்களுக்கும், சிறு அலுவலகமோ கடையோ நடத்தும் அன்பர்களுக்கும் இது பயன்படக் கூடும். நாம் மெட்ரிகுலேஷன் தேறி இரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்ப்பவர்களே அன்றிக் கணினிப் பொறியியல் கற்றவர்கள் அல்லோம். ஆயினும் கடிதம், ரசீது, முத்திரை ஆகியவற்றோடு பழகியவர்க்கு இவ்விஷயம் அந்நியமானதன்று.

ஸ்கேன் செய்த தாள் செல்வதற்கு வழிகள் பல உள. பென் டிரைவைச் செருகி அதில் ஏற்றிக்கொள்வது முதலாவது. பத்துக் கணினிகளில் நுழைந்து வந்த பென் டிரைவ் பத்து இடத்து நோயையும் கொண்டுவரும். சட்டைப் பையிலிருந்து நழுவினால் அதிலுள்ள தாள்கள் தெருவில் கிடந்ததற்கு ஒப்பாகும். இயந்திரமே மின்னஞ்சலில் அனுப்பிவிடுவது இரண்டாவது. முன்பு பல அலுவலகங்கள் ஜிமெயில் முகவரியையும் அதன் பாஸ்வேர்டையும் இயந்திரத்தில் எழுதிவைத்து இவ்வாறு செய்து வந்தன. வெறும் பாஸ்வேர்டை மட்டும் கொண்டு அவ்வாறு நுழையும் வசதியைக் கூகுள் நிறுவனம் 2022 மே மாத இறுதியில் நிறுத்திவிட்டது. 'நேற்று வரை போன அஞ்சல் இன்று போகவில்லையே' என்று அப்போது பலர் இயந்திரத்தைக் குறை கூறினர். இயந்திரத்தின் மீது குற்றமில்லை. இரட்டைச் சரிபார்ப்பை ஏற்படுத்தி, இயந்திரத்திற்கென்று தனிப் பாஸ்வேர்டு பெற்று இன்றும் அவ்வழியை நடத்தலாம். ஆனால் நாற்பது பக்கத் தாள்கட்டு மின்னஞ்சலின் அளவுக்குள் அடங்குவது அரிது.

மூன்றாவது வழியே நாம் சொல்ல வந்தது. அலுவலகக் கணினியில் ஒரு ஃபோல்டரை, அதாவது கோப்புறையை, ஏற்படுத்தி அதனை நெட்வொர்க்கில் பகிர்ந்து வைத்தல். இயந்திரம் தான் ஸ்கேன் செய்த தாளை நேரே அக்கோப்புறையில் கொண்டுபோய் வைத்தல். கம்பியோ வைஃபையோ எதுவாயினும், இரண்டும் ஒரே ரவுட்டரோடு இணைந்திருந்தால் போதும். இணைய வசதி அறுந்திருக்கும் நாளிலும் இது நடக்கும். தாள் நம் கட்டடத்தை விட்டு வெளியே செல்வதுமில்லை.

இதனைப் பார்சல் ஆபீஸ் வழக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எளிதில் விளங்கும். பார்சலின் மேல் சேருமிடத்து ஸ்டேஷன் பெயர் இருக்க வேண்டும். அங்கே அதனை இறக்கி வைக்கக் கொட்டடி இருக்க வேண்டும். இறக்குவதற்கு அனுமதி பெற்ற ஆள் வேண்டும். ரசீது காட்டியவருக்கு மட்டுமே டெலிவரி கொடுக்க வேண்டும். கணினியின் ஐ.பி. முகவரியே ஸ்டேஷன். கோப்புறையே கொட்டடி. இயந்திரத்திற்கென்று நாம் உண்டாக்கும் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் இறக்கும் ஆளின் அனுமதிச் சீட்டு. யார் திறக்கலாம் என்னும் உரிமைப் பட்டியலே டெலிவரி ரசீது. முதல் மூன்றையும் செய்து முடித்து, தாள் வந்து விழுந்ததும் மகிழ்ந்து எழுந்து போய்விடுபவர்கள் மிகப் பலர். அத்தாயாரின் கேள்வி நான்காவதைப் பற்றியது.

முதலில் ஸ்டேஷனை நிலைப்படுத்துவோம். ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் தானே ஓர் எண்ணை வழங்குகின்றது. அந்த எண் என்றும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. இன்று 192.168.1.20 என்றிருக்கும் கணினி, மின்சாரம் போய்வந்த பின் 192.168.1.23 ஆகிவிடலாம். பிறகு பார்சல் ஆளில்லாத ஸ்டேஷனில் போய் நிற்கும். ஆகையால் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குச் சென்று, கணினிக்கும் பிரிண்டருக்கும் ஒவ்வோர் எண்ணை நிலையாக ஒதுக்கிவிடுவது நல்லது. 'ஒரு வாரம் வேலை செய்தது, பிறகு நின்றுவிட்டது' என்னும் முறையீடுகளிற் பலவற்றுக்குக் காரணம் இதுவே.

அடுத்தது அனுமதிச் சீட்டு. விண்டோஸ் கணினியின் 'செட்டிங்ஸ்' பகுதியில் கணக்குகள் என்னும் தலைப்பின்கீழ், மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத புதிய பயனர் ஒருவரை உண்டாக்க வேண்டும். ஸ்கேன் என்பதையே ஆங்கில எழுத்தில் பெயராக வைக்கலாம். இவர் சாதாரணப் பயனராகவே இருத்தல் வேண்டும். நிர்வாகி உரிமை கூடவே கூடாது. செயலாளரின் சொந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் இயந்திரத்தில் எழுதிவைப்பது பல இடங்களில் காணும் வழக்கம். அது வீட்டின் எல்லா அறைச் சாவியையும் தபால்காரரிடம் கொடுத்து வைப்பது போன்றது. அன்றியும், செயலாளர் தம் பாஸ்வேர்டை மாற்றும் நாளில் ஸ்கேனும் நின்றுபோகும்.

இவ்விடத்தில் மற்றொன்றும் சொல்ல வேண்டும். கணினியைத் திறக்க நாம் இடும் நான்கிலக்க 'பின்' எண் அக்கணினியின் முன் அமர்ந்திருப்பவருக்கு மட்டுமே செல்லும். நெட்வொர்க் வழியே வரும் இயந்திரத்திடம் அது செல்லாது. பாஸ்வேர்டே இல்லாத பயனரையும் விண்டோஸ் நெட்வொர்க் வழியே வழக்கமாக உள்ளே விடுவதில்லை. ஆகவே உண்மையான, நீண்ட பாஸ்வேர்டு ஒன்று வேண்டும். இயந்திரத்தின் சிறு திரையில் தட்டெழுத வேண்டியிருக்குமே என்று சுருக்கமாக வைக்காதீர்கள். கணினியின் பிரௌசரில் பிரிண்டரின் ஐ.பி. எண்ணை இட்டால் அதன் அமைப்புப் பக்கம் பெரிதாகத் திறக்கும். அங்கே வசதியாக எழுதலாம்.

இனிக் கொட்டடி. வட்டின் மேல்நிலையிலேயே ஒரு கோப்புறையை உண்டாக்கி, அதற்கு இடைவெளி இல்லாத ஆங்கிலப் பெயர் இடுவது உத்தமம். தமிழ்ப் பெயரைப் பல பழைய இயந்திரங்கள் படிக்க மாட்டா. அதன் 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியில் 'ஷேரிங்', அதனுள் 'அட்வான்ஸ்டு ஷேரிங்', அதனுள் 'பெர்மிஷன்ஸ்' என்று சென்றால் ஒரு பட்டியல் தோன்றும். அதில் 'எவ்ரிஒன்' என்று ஒரு பெயர் முன்னரே இருக்கும். 'எல்லோரும்' என்பது அதன் பொருள். அன்பர்கள் இச்சொல்லைக் கண்டவுடன் நின்று யோசிக்க வேண்டும். அதனை நீக்கிவிட்டு, ஸ்கேன் என்னும் பயனரையும், தாள்களை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பாளர் ஒருவரையும் மட்டும் சேர்த்து, 'சேஞ்ச்', 'ரீட்' ஆகிய உரிமைகளைக் கொடுக்க வேண்டும். இதன் பின் 'செக்யூரிட்டி' என்னும் மற்றொரு பகுதியிலும் அவ்விருவருக்கும் 'மாடிஃபை' உரிமை அளிக்க வேண்டும். இரண்டு பட்டியல்களுள் எது கடுமையானதோ அதுவே செல்லும் என்பது விண்டோஸின் விதி. ஒன்றில் கொடுத்து மற்றொன்றில் மறந்தவர்கள் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்னும் செய்தியோடு மாலை முழுவதும் போராடுவதைக் கண்டிருக்கின்றோம்.

பிரிண்டரின் பக்கத்தில் செய்ய வேண்டியது சிறிதே. அதன் முகவரிப் புத்தகத்தில் புதிய இடம் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒவ்வொரு பெயர் இட்டிருந்தாலும், எஸ்.எம்.பி. என்றோ நெட்வொர்க் ஃபோல்டர் என்றோ இருப்பதைத் தேர்ந்துகொள்க. இரண்டு பின்சாய்கோடு, கணினியின் ஐ.பி. எண், ஒரு பின்சாய்கோடு, கோப்புறையைப் பகிர்ந்த பெயர் என்பது முகவரியின் வடிவம். சில இயந்திரங்கள் ஐ.பி. எண்ணையும் பெயரையும் வெவ்வேறு கட்டத்தில் கேட்கும்; அங்கே சாய்கோடுகள் வேண்டா. பயனர் பெயரும் பாஸ்வேர்டும் எழுதிச் சோதனைப் பொத்தானை அழுத்தினால் முடிந்தது. சில இயந்திரங்களில் பயனர் பெயருக்கு முன் கணினியின் பெயரையும் பின்சாய்கோட்டையும் சேர்த்தாலே ஏற்கும். இயந்திரத்தின் கடிகாரமும் தேதியும் சரியாயிருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்க. காலம் தவறிய இயந்திரத்தின் அனுமதிச் சீட்டைக் கணினி மறுப்பதுண்டு. அமைப்புப் பக்கத்தின் நிர்வாகிப் பாஸ்வேர்டு வாங்கியபோது இருந்ததாகவே இருப்பின் அன்றே மாற்றிவிட வேண்டும். சான்றிதழ்களுக்கு 300 டி.பி.ஐ., பி.டி.எஃப். என்னும் அமைப்பு போதுமானது. புகைப்படத்துக்கு மட்டும் 600 வைக்கலாம்.

சோதனை தவறினால் அஞ்ச வேண்டா. கணினி உறங்கிப் போயிருக்கின்றதா என்று முதலில் பாருங்கள். உறங்கும் கணினியின் கதவை எவ்வளவு தட்டினாலும் பயனில்லை. அலுவலக நேரத்தில் உறங்காதபடி அமைத்துவிடலாம். அடுத்து, கணினி அந்த நெட்வொர்க்கைப் 'பப்ளிக்' என்று கருதுகின்றதா, 'பிரைவேட்' என்றா என்று பாருங்கள். 'பப்ளிக்' என்பது இரயில் நிலைய வைஃபை போன்ற இடங்களுக்கு உரியது. அதில் பகிர்வு வழக்கமாக அடைத்தே இருக்கும்.

இவ்வளவும் செய்து பார்த்தும் நடவாதபோதுதான் ஆபத்தான யோசனைகள் கிளம்பும். பழுது பார்க்க வருபவர் அவசரத்தில் இரண்டு குறுக்கு வழிகளுள் ஒன்றைப் பிடிப்பார். 'பாஸ்வேர்டு புரொட்டெக்டட் ஷேரிங்' என்பதை நிறுத்திவிட்டு, 'எவ்ரிஒன்' என்பதற்கு முழு உரிமை கொடுத்துவிடுவது முதலாவது. உடனே ஸ்கேன் வந்து விழும்; அவரும் கூலி பெற்றுச் சென்றுவிடுவார். அதன் விளைவைச் சங்க மண்டபத்தில் வைத்துப் பாருங்கள். பொங்கல் விழா நாளில் வந்தவர் எல்லோருக்கும் வைஃபை பாஸ்வேர்டு சொல்லப்படுகின்றது. மடிக்கணினி கொண்டுவந்த எந்த இளைஞரும் நெட்வொர்க் பகுதியைத் திறந்தால் அக்கோப்புறை தென்படும். ஒரு குடும்பத்தின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் அங்கே கிடக்கும். சாதிச் சான்றிதழும் கிடக்கும். சாதி எது என்று யாரிடமும் சொல்லாமல், தமிழர் என்னும் ஒரே பெயரில் நம்மோடு கலந்து பழக எண்ணி வருபவர்கள் நம் அங்கத்தினருள் உண்டு. அதைச் சொல்வதும் சொல்லாதிருப்பதும் அவர்கள் விருப்பம். சங்கத்தின் கோப்புறை அவர்களுக்காகச் சொல்லிவிடக் கூடாது. பக்கத்து வீட்டார் மனத்தில் தோன்றும் சிறு மாற்றத்தைப் புகார் எழுதிச் சரிசெய்ய எந்த அலுவலகமும் இல்லை.

வந்தவர்க்கு வைஃபை கொடுப்பது விருந்தோம்பல்தான். அதனை நிறுத்தச் சொல்லவில்லை. பெரும்பாலான ரவுட்டர்களில் 'கெஸ்ட்' என்று விருந்தினர்க்குத் தனி நெட்வொர்க் அமைக்கும் வசதி உண்டு. அதிலிருப்பவர் இணையத்துக்குச் செல்லலாம். அலுவலகக் கணினியை அணுக முடியாதபடி தடுத்து வைக்கலாம். இரண்டையும் பிரித்து வைப்பதற்குக் கால் மணி நேரம் ஆகும்.

இரண்டாவது குறுக்கு வழி, எஸ்.எம்.பி. 1 என்னும் பழைய முறையை மறுபடி திறந்துவிடுவது. மிகப் பழைய இயந்திரங்களுக்கு அது ஒன்றே தெரியும். 2017 மே மாதத்தில் வான்னாகிரை என்னும் நச்சு நிரல் உலகெங்கும் பரவியதை அன்பர்கள் நினைவுகூரலாம். அது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பல அதனால் தடுமாறின. எஸ்.எம்.பி. 1 முறையிலிருந்த ஓட்டை வழியேதான் அது ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியது. அவ்வோட்டைக்கு மருந்து அவ்வாண்டு மார்ச் மாதமே வெளியாகியிருந்தது, பலர் இட்டுக்கொள்ளவில்லை. அவ்வாண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அம்முறை புதிதாக நிறுவும் கணினிகளில் இயல்பாகச் சேர்க்கப்படுவதில்லை. பழைய ஸ்கேன் இயந்திரத்தின் பொருட்டு அடைத்த சுவரை இடித்துத் திறப்பது தகாது. இயந்திரத்தின் உள்நிரலுக்குப் புதிய பதிப்பு அதன் நிறுவனத்தாரிடம் இருப்பின் பெற்று ஏற்றலாம், எஸ்.எம்.பி. 2 அல்லது 3 என்னும் வசதி அதில் வந்திருக்கக் கூடும். இல்லையேல் யூ.எஸ்.பி. கம்பியால் இயந்திரத்தைக் கணினியோடு நேரே பிணைத்து ஸ்கேன் செய்வதே மேல். வசதி சற்றுக் குறையும், வேறு நஷ்டமில்லை.

புதிய கணினி வாங்கியவர்களுக்கு வேறொரு தடை தோன்றுகின்றது. 2024-இல் வெளியான விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில், 'புரோ' முதலிய வகைகள், வரும் ஒவ்வொரு செய்தியிலும் மின்னொப்பம் இருக்க வேண்டுமென்று கேட்கின்றன. ஒப்பமிடத் தெரியாத இயந்திரம் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். இதற்கும் உள்நிரலைப் புதுப்பிப்பதே முதல் முயற்சி. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டமையால், பழைய கணினியிலேயே இருந்துவிடுவோம் என்பதும் நெடுநாள் செல்லாது.

நிற்க. கோப்புறை ஒழுங்காக அமைந்த பின்னும் அதில் தாள்கள் சேர்ந்துகொண்டே போகும். சங்கத்துக்கு உரியவை அங்கத்தினர் பதிவேடு, கணக்கு, பழைய இதழ்கள் ஆகியனவே. குடும்பங்களின் சான்றிதழ்கள் நம்மிடம் வழிப்போக்கர்களாக வந்தவை. உரியவர் பெற்றுக்கொண்ட பின் அவற்றை அன்றே அழித்துவிட வேண்டும். கணினியின் குப்பைக் கூடையையும் வெறுமையாக்க வேண்டும். சங்கத்தின் ஆவணங்களுக்கு வேறு கோப்புறை, வந்துபோகும் தாள்களுக்கு வேறு கோப்புறை என்று பிரித்துக்கொண்டால், ஞாயிறு மாலை கதவைப் பூட்டுமுன் ஒன்றை மட்டும் துடைத்துவிடலாம். ஆதார் எண் முழுவதும் தேவைப்படாத காரியங்களுக்குக் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் காட்டும் மறைப்புப் படிவத்தை ஆதார் ஆணையத்தின் இணையப் பக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் வருபவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

வாடகைக்கு எடுத்த பெரிய நகல் இயந்திரம் வைத்திருக்கும் சங்கங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவற்றுட் பலவற்றின் வயிற்றில் கணினிக்கு இருப்பது போன்ற வட்டு உண்டு. நகலெடுத்த தாள்களின் உருவம் அதில் தங்கக் கூடும். 2010-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர் குழு பழைய நகல் இயந்திரங்கள் சிலவற்றை விலைக்கு வாங்கி ஆராய்ந்தது. அவற்றுள் ஒன்றில் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் நோயாளிகள் பற்றிய குறிப்புகள் அப்படியே இருந்தன. வாடகை முடிந்து இயந்திரத்தைத் திருப்பி அனுப்பியபோது வட்டைத் துடைக்கவில்லை. அந்நிறுவனம் 2013-இல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டி அவ்வழக்கைத் தீர்த்துக்கொண்டது. ஆகவே இயந்திரத்தைத் திருப்பி அனுப்பும்போதோ விற்கும்போதோ, அமைப்புப் பக்கத்தில் வட்டைத் துடைக்கும் வசதி இருக்கின்றதா என்று பார்த்து அதனைச் செய்வித்து, செய்ததாக எழுத்து மூலம் பெற்றுக்கொள்க. முகவரிப் புத்தகத்தில் எழுதிவைத்த பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் நீக்கிவிட்டு, கணினியிலும் அந்த ஸ்கேன் பயனரை அகற்றிவிட வேண்டும்.

நம் அலுவலகத்துக் கோப்புறையில் இப்பொழுது ஸ்கேன் இயந்திரத்தின் பெயரும் பொறுப்பாளர் ஒருவர் பெயரும் மட்டுமே இருக்கின்றன. அப்பொறுப்பாளர் யாவர் என்பதை அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டியிருக்கின்றோம். தாள் கொடுப்பவர்கள் முடிந்தவுடன் திரையின் அருகே வந்து நின்று, தம் தாள் அழிக்கப்படுவதைப் பார்த்துவிட்டே செல்லலாம். அடுத்த இதழில், சங்க நூலகத்துப் பழைய இதழ்களைக் கிழியாமல் ஸ்கேன் செய்யும் முறையைப் பற்றி எழுத எண்ணியிருக்கின்றோம்.